கடல் எந்தப் பக்கம்

"லெஃப்டு மறுபடியும் செத்துப்போச்சு லா" என்று என் வீட்டுக்காரர் தலையில் மாட்டிப் பாட்டுக் கேட்கும் காதுக்கருவியைக் கழற்றி மேசையில் போட்டார். நான் எடுத்து மாட்டிப் பார்த்தேன். இடப்பக்கம் வயலின், வலப்பக்கம் பியானோ, இரண்டும் கணீரென்று கேட்டன.

"நல்லாத்தானே பாடுது?"

"உனக்கு எல்லாமே நல்லாத்தான் இருக்கும்" என்று முறைத்தார்.

சிராங்கூன் ரோட்டில் கடைவீட்டு மாடி, ஏழு குடும்பம், நடுவில் வெறும் பலகைச் சுவர். ஸ்பீக்கர் வைத்தால் அடுத்த அறை மைமூன் அக்கா சுவரைத் தட்டுவார். அதனால்தான் காதுக்கருவி. சுங்கை ரோட்டுப் பழைய சாமான்களில் பொறுக்கிய இரண்டு உடைந்த ரேடியோ, வெள்ளைக்காரப் பட்டாளம் கழித்துப்போட்ட காதுக்கருவி ஒன்று. இசைத்தட்டுப் பெட்டியில் ஓடும் பாட்டு ஒரு காதுக்கு ஒரு ரேடியோ வழியாக வரும் என்று கணக்கு. கப்பல் பட்டறையில் வாரமெல்லாம் துருத் தட்டிவிட்டு வருகிற மனுஷன், ஞாயிறானால் ஈயம் உருக்கி ஒயர் ஒட்ட உட்கார்ந்துவிடுவார். பெண்டாட்டியோடு பேசத்தான் நேரமிருக்காது.

எனக்கு அவர்மேல் மூன்று வருஷக் கோபம். எங்களுக்குப் பிள்ளை இல்லை. பாசிர் பாஞ்சாங்கிலிருக்கும் என் தங்கை லீலா, ஐந்தாவதாகப் பிறந்த பெண்ணை எங்களுக்கே தருகிறேன் என்றாள். பஸ்ஸில் இவர் பக்கத்தில் உட்கார்ந்து, "எடுத்துக்கலாமாங்க?" என்று கேட்டேன். எத்தனையோ நாள் மனசுக்குள் சொல்லிப் பார்த்த கேள்வி. இவர் நேரே பார்த்துக்கொண்டு வந்தார், வாயே திறக்கவில்லை. நானும் அப்புறம் கேட்கவில்லை. பிள்ளை ஈப்போவில் யார் வீட்டுக்கோ போய்விட்டது.

"ஒயரை மாத்திக் கொடுத்தாலும் லெஃப்டுதான் ஊமை. பேய் பிடிச்ச பெட்டி" என்று மறுபடி திருப்புளியை எடுத்தார். எனக்கு எரிச்சலாக வந்தது. "இன்னொரு தடவை கேட்டுத் தொலைங்க" என்று நானே அவர் தலையில் மாட்டினேன். அவசரத்தில் பக்கம் மாறிவிட்டது.

"வயலின் கேக்குது!" என்று கத்தினார். பிறகு, "பியானோவைக் காணோமே" என்றார்.

ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம். அவர் மெல்லக் கருவியைக் கழற்றி, இடது காதை விரலால் தேய்த்துப் பார்த்தார்.

"பெட்டியில கோளாறு இல்ல, தங்கம்."

"எத்தனை நாளாங்க இப்படி?"

"தெரியலையே. பட்டறையில எல்லாருமே கத்தித்தான் பேசுவாங்க."

அவருக்காக நான் வருத்தப்பட்டிருக்க வேண்டும். எனக்கோ அந்த பஸ்தான் கண்முன் வந்து நின்றது. நான் ஜன்னலோரம். கேட்கும்போது வெளியே கடல் தெரிந்தது, அது நிச்சயம். போகும்போது கடல் இடப்பக்கம், திரும்பும்போது வலப்பக்கம். போகும்போது கேட்டிருந்தால், நான் அவருக்கு இடப்பக்கம், அந்தக் கேள்வி இந்தச் செத்த காதுக்குத்தான் போயிருக்கும். வரும்போது என்றால், நல்ல காதிலேயே விழுந்திருக்குமே? பிள்ளையைத் தூக்கிப் பார்த்துவிட்டுத்தான் கேட்டேன் என்று தோன்றியது. இல்லை, லீலாவுக்குப் பதில் சொல்ல வேண்டுமே, போகும்போதே கேட்டிருப்பேன். மடியில் ஒரு பை இருந்தது. அது லீலாவுக்கான பலகாரம் இருந்த பையா, கொடுத்துவிட்டு வந்த காலிப் பையா? எவ்வளவு யோசித்தும் பிடிபடவில்லை. மூன்று வருஷமாகச் சுமந்த கோபத்தை இறக்குவதா வேண்டாமா என்று தெரியாமல் தவித்தேன்.

இசைத்தட்டு இன்னும் சுற்றிக்கொண்டிருந்தது. நாற்காலியைச் சுற்றிக்கொண்டு அவருடைய வலப்பக்கம் போய்க் குனிந்தேன்.

"அன்னிக்கு பாசிர் பாஞ்சாங் பஸ்ஸுல உங்ககிட்ட ஒண்ணு கேட்டேனே..."

என்ன கேட்டாய் என்று அவர் கேட்கவில்லை. கண்ணை மூடிக்கொண்டார்.