தட்டாத கைகள்

கோமாளிக்கு விடியற்காலையில் முகச்சாயம் கிடையாது, சம்மட்டிதான். வட சிலியின் செம்புச் சுரங்க ஊர் ஒன்றில், குளிரில் விறைத்த கைகளோடு எலாதியோவும் ரெனேயும் சர்க்கஸ் கூடாரத்துக்கு முளை அடித்தார்கள். உப்புத் தரை முளையை உள்ளே விடுவதாயில்லை. போன ஊரில் இற்றுப்போன வடம் அறுந்து, நடுமரம் சாய்ந்து, கூடாரம் கட்டும் பெர்மீனின் இடுப்பு நொறுங்கியிருந்தது. அதே வடத்தைத்தான் முடிச்சுப் போட்டு மறுபடி கட்டினார்கள்.

ஆட்டத்தில் ரெனே வெள்ளைச் சாயம் பூசிய முகக்காரன், அதட்டுபவன். எலாதியோ சிவப்பு மூக்கன், அறை வாங்குபவன். ரெனேயின் கை கன்னத்தைத் தொடாது. அது வரும் நொடியில் எலாதியோ இடுப்புக்குக் கீழே தன் கைகளைத் தட்டுவான். 'பளார்' என்று கேட்கும், கூடாரமே குலுங்கிச் சிரிக்கும். சர்க்கஸின் லாமா மிருகங்களுக்குப் புல் போட்டுக்கொண்டிருந்த இருவரையும் சுவரொட்டியில் ஏற்றியது அந்தச் சத்தம்தான்.

முளை அடித்து முடித்ததும் வேலையாட்கள் எல்லோரும் முதலாளி தோன் ஹசிந்தோவிடம் போனார்கள். புது வடமும் பெர்மீனுக்கு வைத்தியமும் வேண்டும், இல்லையென்றால் ஆட்டமில்லை.

"சர்க்கஸ்னா விழத்தான் செய்வாங்க," என்றார் அவர்.

"விழறது எங்க தொழிலு முதலாளி. எங்க மேல மரம் விழறது உங்க கஞ்சத்தனம்," என்றான் எலாதியோ.

முதலாளி ரெனே பக்கம் திரும்பினார். "என் மருமகனுக்குச் சிவப்பு மூக்கு மாட்டி விடறேன். இனிமே சுவரொட்டியில உன் மூஞ்சி மட்டும்தான். ஆடறியா?"

ரெனே தலையாட்டினான்.

"டேய், பெர்மீனை நீயும்தானடா தூக்கினே?" என்றான் எலாதியோ.

"தூக்கினேன் மச்சான். ஆனா இத்தனை வருஷத்துல என்னைப் பார்த்து ஒருத்தராவது சிரிச்சிருக்காங்களா? எல்லாச் சிரிப்பும் உனக்குத்தானே?"

அது உண்மை.

மாலையில் வேலையாட்கள் ஆட மறுத்துக் கூடார வாசலில் உட்கார்ந்துகொண்டார்கள். உள்ளே ரெனே அதட்டும் குரல் கேட்டது. ஒவ்வொரு வார்த்தையும் எலாதியோவுக்கு மனப்பாடம். அறை வரும் இடம் நெருங்க நெருங்க, அவன் கைகள் தாமாகவே எழுந்தன. ஒன்றை மற்றொன்றால் இறுகப் பிடித்துக்கொண்டான்.

உள்ளே மருமகனின் கையிலிருந்து 'பளார்' சத்தமே வரவில்லை. ஒருவரும் சிரிக்கவில்லை.

எலாதியோ விம்மி விம்மி அழுதான். பெர்மீனின் மனைவி ரொசால்பா அவன் கைகளைத் தன் மடியில் இழுத்து வைத்துக்கொண்டாள்.

சுரங்கக்காரர்கள் ஒவ்வொருவராக வெளியே வந்தார்கள். "மூக்குக்காரன் ஏன் உள்ளே இல்லே?" என்றார் ஒரு பெரியவர். ரொசால்பா நடந்ததைச் சொன்னாள். அவர் தொப்பியைக் கழற்றிவிட்டு அங்கேயே தரையில் உட்கார்ந்தார். "எங்களுக்கும் சுரங்கத்துல இதே கதைதான். நாளைக்கும் வர்றோம், டிக்கெட்டு எடுக்க இல்லே, உங்களோட உக்கார." மற்றவர்களும் உட்கார்ந்தார்கள்.

எலாதியோ கொஞ்சம் நகர்ந்து பக்கத்தில் இடம் விட்டான்.

"யாருக்கு?" என்றாள் ரொசால்பா.

"நம்ம ஆள் ஒருத்தன் இன்னும் உள்ளே இருக்கான்."