ஆறாவது வரைபடம்

மிர்லான் ஐந்து வரைபடங்களை ஒழுங்காக அடுக்கிவிட்டான். ஆறாவதை விழுந்த இடத்திலேயே விட்டிருந்தான்.

மாகாண சுகாதார அலுவலகத்தில் புள்ளிவிவரம் அவன் வேலை. ஆறு மாவட்டங்கள், மாவட்டத்துக்கு ஒரு பட்டை வரைபடம், பிரசவத்தில் இறந்த பெண்களின் மாதக் கணக்கு. மாதங்கள் நேருக்கு நேர் வரும்படி ஒன்றன்கீழ் ஒன்றாக, எக்செல்லில் ஒரே பக்கம். தலைநகர் பிஷ்கெக்கிலிருந்து வரும் குழு ஒரே ஒரு ஆம்புலன்ஸ் தரப் போகிறது. யாருக்கு என்பதை அந்தப் பக்கத்தைப் பார்த்துத்தான் முடிவு செய்வார்கள்.

ஆறாவது, மேல்கணவாய். ஜனவரியில் நான்கு பேர். ஒருத்தி அவன் மனைவி சலிமா. தாய்வீட்டிலிருந்து வரும் வழியில், பனியில் நின்றுபோன வேனின் பின்சீட்டில்.

"எல்லாம் ஒரே உயரமா நிக்குதே, பரேடுக்கா போகுது?" என்றாள் அடுத்த மேசை சயரா அக்கா, தேநீரை உறிஞ்சியபடி.

அப்போதுதான் கவனித்தான். நகரத்தின் ஒரு சாவும் மேல்கணவாயின் நான்கும் ஒரே உயரம். எக்செல் ஒவ்வொன்றுக்கும் தனி அளவுகோல் போட்டிருந்தது. ஆறுக்கும் உச்சம் ஐந்து என்று மாற்றினான். ஐந்து மாவட்டங்கள் தரையோடு படுத்தன. ஆறாவதில் எண்ணைத் தட்டிவிட்டுக் கண்ணை எடுத்துக்கொண்டான்.

இயக்குநர் தொக்தோரலி எட்டிப் பார்த்தார். "என்னப்பா இது, ஈட்டி மாதிரி? என் கழுத்தையில்ல புடிப்பாங்க! பழையபடி மாத்து."

"மாட்டேன் அண்ணே. செத்தது நாலு. நாலுன்னு தெரியணும்."

சாவு விழுந்து வருஷ நினைவுச் சாப்பாடு இன்னும் போடாத வீட்டுக்காரனிடம் யாரும் குரல் உயர்த்துவதில்லை. தொக்தோரலி தொப்பியைச் சரிசெய்தார். "என்னமோ பண்ணு. பெருசாவாவது போடு. போன தடவை கண்ணாடி போட்டும் தெரியலன்னாங்க."

வரிசைகளின் உயரத்தைக் கூட்டினான். வரைபடங்கள் வளர்ந்தன. ஆறாவது கீழே நழுவியது.

"மேல்கணவாயத் தூக்கி மேல வையேன்டா. அதுதானே முக்கியம்?"

"கீழயே இருக்கட்டும் அக்கா."

அதைப் பிடித்து இழுக்கக் கை வரவில்லை. கீழே போய்ப் பார்க்காமலே அனுப்பிவிட்டான்.

மறுநாள் கூட்டத்துக்குத் தேநீர் கொண்டுபோன சயரா அக்கா, ஒரு தாளோடு திரும்பினாள். மேசைமேல் வைத்தாள்.

தாளில் ஐந்து வரைபடங்கள்தான் இருந்தன. எல்லாம் தரையோடு தரையாக.

"ஒரு பக்கம்தானேன்னு முதல் பக்கத்தை மட்டும் அச்செடுத்திருக்காங்கடா."

"யாருக்குக் குடுத்தாங்க?"

"எல்லா ஊரும் நல்லாத்தான் இருக்குன்னாங்க. ஜனம் அதிகம்னு நகரத்துக்கு."

"நம்ம இயக்குநர் அண்ணன் கேக்கலையா, மேல்கணவாய் எங்கன்னு?"

"தொக்தோரலியா? தேநீர்ல சர்க்கரை கம்மின்னார்."

மிர்லான் கணினியில் அந்தக் கோப்பைத் திறந்தான். பக்கம் முடியும் இடத்தில் புள்ளிக்கோடு. அதற்குக் கீழே, வெள்ளையான இரண்டாம் பக்கத்தில், மேல்கணவாய் தனியாக நின்றது. ஜனவரிப் பட்டையை முதன்முறையாக நேராகப் பார்த்தான்.

நீல நிறம். நிறத்தைக்கூட எக்செல்தான் போட்டிருந்தது.