பாக்கெட் வைத்த நைட்டி

சாமுண்டீஸ்வரி உயிரோடு இருக்கிறாளா என்று கேட்டு மதுரையிலிருந்து ஒரு பெண் போன் போட்டாள்.

"சாமு அக்கா வீடுங்களா? அக்கா நல்லா இருக்காங்களா?"

"நாந்தாம்மா சாமு. எனுக்கு இன்னா வந்துச்சு, குத்துக்கல்லாட்டம் கீறேன்."

"அய்யோ, நல்லவேளை! பேஜுல உங்க போட்டோ ஒண்ணுகூட இல்லக்கா. வேற யாரோ ஒரு பொண்ணு நிக்கிது. பேரும் மாத்தியிருக்கு. அதான் அக்காவுக்கு ஏதோ ஆயிப்போச்சுன்னு பயந்துட்டேன்."

சாமு தையல் மெஷினிலிருந்து காலை எடுத்தாள். அதே போனில் தன் இன்ஸ்டா பக்கத்தைத் திறந்தாள். எதிரில் உட்கார்ந்து பித்தான் துளைக்குக் காஜா எடுத்துக்கொண்டிருந்த உதவிக்காரி விஜியும் தலையை நீட்டினாள்.

'சாமு பாக்கெட் நைட்டி' என்ற பெயர் போய் 'நிலா லவுஞ்ச்' என்று இருந்தது. அயனம்பாக்கம் ஏரிக்கரையிலும் வீட்டு கேட் முன்னாலும் நின்று சாமு எடுத்துக்கொண்ட படங்கள் எல்லாம் மாயம். அந்த இடத்தில் பால் மாதிரி வெளுத்த ஒரு பெண். இடுப்பு இருக்கிறதா என்று தேட வேண்டும். வெள்ளைத் திரைச்சீலை பக்கத்தில் காபிக் கோப்பையோடு நின்று, யாரையும் பார்க்காமல் சிரித்துக்கொண்டிருந்தாள். அவள் உடம்பில் இருந்தது சாமு போன வாரம் தைத்த மாம்பழ மஞ்சள் நைட்டி.

"யாருக்கா இந்தப் பொண்ணு? நம்ம துணிய எப்பக்கா போட்டா?" என்றாள் விஜி.

சாமு படத்தைப் பெரிதாக்கி நைட்டியின் வலது பக்கத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். அப்புறம் இடது பக்கத்தைப் பார்த்தாள். இரண்டு பக்கமும் பாக்கெட் இல்லை.

அந்த பாக்கெட்தான் கடையே. ஒருநாள் கிரைண்டரில் மாவு அள்ளும்போது இடுப்பில் செருகியிருந்த போன் நழுவி மாவுக்குள் விழுந்தது. அன்றைக்கு ஆத்திரத்தில் தன் நைட்டிக்கு ஒரு பாக்கெட் வைத்தாள். அம்பத்தூர் எஸ்டேட்டில் எக்ஸ்போர்ட் கம்பெனியில் வருஷக்கணக்காய் ஜீன்ஸ் பாக்கெட் தைத்த கை. கல்லைப் போட்டாலும் தொங்காது. கீரை வண்டிக்கு வந்த ஃப்ளாட்டு பெண்கள் அதைப் பார்த்துவிட்டு, எனக்கு ஒன்று, எங்கள் அம்மாவுக்கு ஒன்று என்று பிடித்துக்கொண்டார்கள். இந்த ஊரில் பெண்கள் பாதி நாளை நைட்டியில் கழிக்கிறார்கள். போன், சாவி, பால் கார்டு எல்லாவற்றையும் கையிலேயே வைத்துக்கொண்டு அல்லாடுகிறார்கள். ஒரு பாக்கெட் வைக்க வேண்டும் என்று எந்தக் கம்பெனிக்காரனுக்கும் தோன்றவில்லை. இவளுக்குத் தோன்றியது.

அப்படி வந்தவள்தான் கிருஷ்ணப்பிரியா. ஈரோட்டுக்காரி, ஐடி வேலை, எதிர் ஃப்ளாட்டில் மூன்றாவது மாடி. "உங்க பேஜை நான் பாத்துக்கறேனுங்க்கா, பெருசாக்கிக் காட்டறேன்" என்று தானாக வந்து சொன்னாள். ஆடி மாசம் அம்மன் கோயிலில் கூழ் ஊற்றியபோது இவர்கள் வீட்டுக்கு வந்து, கருவாட்டுக் குழம்போடு இரண்டு சொம்பு குடித்துவிட்டுப் போனவள். அவளை நம்பாமல் யாரை நம்புவது? பக்கத்துக்குள் நுழைய சாமு நம்பருக்கு ஓடிபி வரும். பிரியா போனில் கேட்பாள், இவள் மெஷினை மிதித்துக்கொண்டே வாசித்துச் சொல்வாள். யார் கேட்டாலும் சொல்லாதே என்று புருஷன் ஆனந்தன் தலைப்பாடாய் அடித்துக்கொண்டான். பிரியா என்ன, யாரோ எவரோவா என்று அவன் வாயை அடைத்துவிட்டாள்.

இப்போது அந்த வாசித்த வாயை என்ன செய்வது?

சாமு எழுந்தாள். கொடியில் கிடந்த துண்டை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டாள். "புடவ மாத்திகினு போக்கா" என்று விஜி பின்னாலேயே ஓடி வந்தாள். காதில் விழவில்லை.

ஃப்ளாட்டு கேட்டில் செக்யூரிட்டி துலுக்கானம் கையை நீட்டி மறித்தார். இவள் தெருக்காரர், உறவுமுறைக்கு அண்ணன்.

"இன்னா சாமு, நைட்டியோட வந்துகீறே? போர்டு பாக்கல?"

கேட்டுக்கு உள்பக்கம் இடுப்புயரத்துக்கு ஒரு போர்டு நட்டிருந்தது. நைட்டி, லுங்கியோடு பொது இடங்களில் நடமாடக் கூடாது, அசோசியேஷன் உத்தரவு. சாமுவுக்குச் சிரிப்பும் ஆத்திரமும் ஒன்றாய் வந்தன. இந்த நாலு பிளாக்கிலும் அவள் நைட்டி காயாத பால்கனி இருக்கிறதா?

"அண்ணாத்தே, உள்ள வர்ல. மூணாவது மாடி பிரியாவ எறங்கி வரச் சொல்லு."

"எதுக்குமா வம்பு..."

"சொல்றியா, நானே சத்தம் போட்டு கூப்டட்டா?"

துலுக்கானம் இன்டர்காமை எடுத்தார். சாமுவின் சத்தம் அவருக்குத் தெரியும்.

பிரியா லிஃப்டிலிருந்து வந்தாள். மேலே ஒரு துப்பட்டா, கீழே கருநீலத்தில் வெள்ளைப்பூ போட்ட நைட்டி. தான் வெட்டித் தைத்த துணி சாமுவுக்குத் தெரியாதா? போர்டைத் தாண்டி வந்தவளைத் துலுக்கானம் ஒன்றும் கேட்கவில்லை. சாமு அவர் முகத்தைப் பார்த்தாள்.

"அவுங்க ஓனருங்க சாமு" என்று மெல்லச் சொல்லிவிட்டு அவர் வேறு பக்கம் திரும்பிக்கொண்டார்.

"என்னங்க்கா, போன் பண்ணியிருந்தா நானே வந்திருப்பேனே. புதுப் படங்களைப் பாத்தீங்களா? லைக் எப்படி ஏறுதுன்னு பாருங்க்கா!"

"யாரு அந்தப் பொண்ணு?"

"யாரும் இல்லீங்க்கா. ஏஐ. கம்ப்யூட்டரே உருவாக்குன முகம்."

"அப்படி ஒருத்தி இல்லவே இல்லியா?"

"இல்லீங்க்கா."

"இல்லாதவளுக்கு எதுக்குடி நைட்டி?"

பிரியா சிரிக்கப் பார்த்தாள். எதிரில் இருந்த முகத்தைப் பார்த்துச் சிரிப்பை விழுங்கிக்கொண்டாள். "அக்கா, கோவிச்சுக்காதீங்க. மார்க்கெட்டிங்னா ஆசையைத் தூண்டணும். நீங்க நிக்கிற படத்தைப் பாத்தா நம்ம தெருவுல தண்ணி புடிக்கிறவங்க மாதிரி இருக்கு. அதைப் பாத்து யாருக்குங்க்கா ஆசை வரும்? உங்க முகத்தை வெச்சு ஒரு அளவுக்குத்தான் போக முடியும். உங்க நல்லதுக்குத்தான் சொல்றேன்."

நல்லதுக்காம். சாமுவுக்கு உச்சந்தலை கொதித்தது. கறுப்பு என்று சொல்லவில்லை, குண்டு என்று சொல்லவில்லை, படித்தவள் இல்லையா? தண்ணி பிடிக்கிறவள் என்று சொல்லிவிட்டாள். ஆமாம், பிடிக்கிறாள். தண்ணி பிடிக்கிறவளும் மாவு அரைக்கிறவளும் பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு கதவைத் திறக்கிறவளும்தான் அவளிடம் வாங்கினார்கள். அக்கா, எனக்கும் உங்க உடம்புதான், உங்க அளவே போடுங்க என்று எழுதினார்கள். அவர்களையும் சேர்த்துத்தான் பிரியாவின் வாய் இளக்காரமாய்ப் பேசியிருக்கிறது.

"சரி, என் மூஞ்சி வேணாம். பாக்கெட் எங்க?"

"அது... புடைச்சுக்கிட்டுத் தெரிஞ்சுதுங்க்கா. லுக்கைக் கெடுக்குது. அதான் எடுத்துட்டேன்."

கட்டின வீட்டின் கூரையை யாரோ பிரித்துவிட்டு அழகாயிருக்கிறது என்று காட்டினால் எப்படி இருக்கும்?

"பேஜைக் குடு. எல்லாத்தையும் பழயபடி மாத்து."

"முடியாதுங்க்கா. ராத்திரி பகலா நான் வளத்த பேஜ் இது. உங்களுக்கு பாஸ்வேர்டு கூடத் தெரியாது." பிரியாவின் குரலும் ஏறியது. அதில் கொஞ்சம் உண்மையும் இருந்தது, அவள் உழைத்தாள்தான். "பேசற மாதிரி பேசுங்க, பாத்துக்கலாம். இல்லைன்னா இப்பவே உங்க நம்பரை எடுத்துட்டு என் நம்பரைப் போட்டுருவேன்" என்று சொல்லிக்கொண்டே போனை உருவினாள்.

சாமு அந்தக் கையையே பார்த்தாள்.

"அந்த போனை எங்கேர்ந்து எடுத்தே?"

பிரியாவின் கை அப்படியே நின்றது.

"சொல்லு. லுக்க கெடுக்கற எடத்துலேர்ந்துதானே எடுத்தே? வலது பக்கம், ரெண்டு தையல் போட்டு குடுத்தேன். போன் கனமா கீது, தொங்கக் கூடாதுன்னு நீதானே கேட்டே?"

பிரியா குனிந்து தன் நைட்டியைப் பார்த்தாள். துலுக்கானமும் பார்த்தார். பக்கத்து பிளாக்கிலிருந்து குப்பை கொட்ட வந்த வர்ஷாவும், பக்கெட்டும் கையுமாய் நின்று பார்த்தாள். அவள் போட்டிருந்ததும் பாக்கெட் நைட்டிதான். பிரியா போனைத் தாழ்த்தினாள்.

சாமு தன் போனைத் தன் பாக்கெட்டிலிருந்து எடுத்தாள். பாஸ்வேர்டு மறந்துவிட்டது என்பதை அழுத்தினாள். இவ்வளவு நாள் இவளுக்கு இந்த வழி தெரியாமலா இருந்தது? தேவைப்படவில்லை, அவ்வளவுதான். உடனே ஓடிபி வந்தது. வழக்கமாய் உரக்க வாசிப்பவள் இன்று உதட்டைக் கூட அசைக்கவில்லை. புதுப் பாஸ்வேர்டு போட்டாள். வெள்ளைக்காரச்சியை ஒவ்வொரு படமாய் அழித்தாள். பெயரைப் பழையபடி எழுதினாள். பிரியா பார்த்துக்கொண்டே நின்றாள்.

"அண்ணாத்தே, ஒரு போட்டோ எடு."

"இங்கயா? போர்டு தெரியுமே சாமு."

"தெரியட்டும்."

துலுக்கானம் மாடியை ஒருமுறை நிமிர்ந்து பார்த்துவிட்டு போனை வாங்கினார். சாமு கேட்டைத் தள்ளிக்கொண்டு உள்ளே வந்து போர்டு பக்கத்தில் நின்றாள். தலை சீவவில்லை, முகத்தில் எண்ணெய் வழிந்தது. படத்தை அப்படியே போட்டாள். 'நான் நல்லாத்தான் இருக்கேன்' என்று மட்டும் எழுதினாள்.

மதுரைக்காரி அதற்காகவே காத்திருந்தாள் போலிருக்கிறது. முதல் பதில் அவளுடையது.

'அக்கா, துண்டு பாக்கெட்டை மறைக்குது. எடுத்துட்டு நில்லுங்க.'

சாமு தோளிலிருந்த துண்டை எடுத்தாள். உதறினாள். நைட்டி கூடாது என்று எழுதியிருந்த போர்டின் மேல் அதைப் போட்டுவிட்டு, பாக்கெட்டுக்குள் கையை விட்டுக்கொண்டு நிமிர்ந்து நின்றாள்.

"இன்னொண்ணு எடு அண்ணாத்தே."