நாற்பதில் ஓடிய கார்

பெட்ரோல் விலை ஏறியதும் என் தம்பி ஒகேசி தன் காரின் பின்சீட்டு, ஸ்டெப்னி எல்லாவற்றையும் கழற்றி வீசினான். எடை குறைந்தால் பெட்ரோல் மிச்சமாம், பாவிக்கு.

அம்மாவுக்கு மூச்சு முட்டிய அன்று, பின்னால் வெறும் தகரத்தில் உட்கார்ந்து அவளை மடியில் கிடத்திக்கொண்டு, "வேகமா ஓட்டுடா!" என்று கத்தினேன்.

"நாப்பதைத் தாண்டினா பெட்ரோலைக் குடிச்சுத் தீர்த்துரும்க்கா," என்றான்.

ஆஸ்பத்திரி வாசல் வருவதற்குள் அம்மா அடங்கிவிட்டாள்.

அடக்கத்தன்று அதே இடத்தில் சவப்பெட்டி சௌகரியமாக நுழைந்தது. எனுகு மலைச்சாலையில் அதே நாற்பது. இறக்கம் வந்ததும் வழக்கம்போல் நியூட்ரலுக்கு மாற்றி இன்ஜினை அணைத்தான்.

முன்சீட்டில் என்னோடு நெருக்கி உட்கார்ந்திருந்த சித்தி கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"பெத்தவ தூக்கம் கலையக் கூடாதுன்னு சத்தத்தையே நிறுத்திட்டானே, தங்கமான புள்ள!"