தேர் இழுக்கும் ஜீப்பு

மலைத் தேயிலைத் தோட்டத்து மாரியம்மன் தேரைப் பதினோரு வருடமாக நாகப்பனின் ஜீப்புதான் இழுத்து வந்தது. கோயிலில் புறப்பட்டுக் கீழ் லைன் வீடுகள், மேல் லைன் வீடுகள், தேயிலைத் தொழிற்சாலை என்று சுற்றித் திரும்ப ஐந்து மணி நேரம் பிடிக்கும். வீட்டுக்கு வீடு தட்டு வாங்கி அர்ச்சனை முடிகிறவரை நிற்க வேண்டும். ஆனால் இஞ்சினை அணைக்கக் கூடாது. அம்மன் வெளியே இருக்கும்போது வண்டி அணைந்தால் அபசகுனம் என்று எப்போதோ யாரோ சொல்லி, அது அந்தத் தோட்டத்தில் சட்டமாகிவிட்டது.

அப்படிப்பட்ட ஜீப்புக்கு இரண்டு மாதமாக நின்றால் காய்ச்சல். கோலா தெர்லா காய்கறித் தோட்டங்களில் முட்டைக்கோஸ் ஏற்றிக்கொண்டு ரோட்டில் ஓடினால் சூட்டு முள் பாதியைத் தாண்டாது. கியா பார்ம் சந்தை ஜாமில் கால் மணி நேரம் மாட்டினால் போதும், சிவப்புக் கோட்டில் போய் உட்கார்ந்துகொள்ளும். ஊரே ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு நடுங்க, உங்கள் வண்டிக்கு மட்டும் வேர்க்கிறதே என்று மனைவி ருக்குமணி கேலி செய்தாள்.

கோயில் தலைவர் காளிமுத்து கேலி செய்யவில்லை. தேர் ஞாயிற்றுக்கிழமை. வெள்ளிக்கிழமை சாயங்காலம் கோயில் வாசலில் ஜீப்பு ஒரு மணி நேரம் நின்ற இடத்தில் ஓட வேண்டும், முள் ஏறினால் டிராக்டர் பேசிவிடுவேன் என்று சொல்லிவிட்டார். நாகப்பன் ஏற்கெனவே மூன்று பட்டறை ஏறி இறங்கியிருந்தான். ரேடியேட்டரைக் கழுவியாயிற்று. தெர்மோஸ்டாட் புதிது. தண்ணீர் ஒரு சொட்டு குறையவில்லை. டவுன் பட்டறையில் இஞ்சின் தலையைக் கழற்றிப் பார்க்கப் பத்து நாள் கேட்டார்கள். கையில் இருந்ததோ ஒரே நாள்.

வியாழன் மாலை ருக்குமணியின் தங்கை விக்னேஸ்வரி வேலை முடிந்து அந்த வழியாக வந்தாள். தொழிற்சாலையில் கொழுந்து வாட்டும் பகுதி அவள் பொறுப்பு. நீளமான தொட்டிகளில் பரப்பிய இலைக்கு அடியிலிருந்து ராட்சதக் காற்றாடிகள் காற்றைத் தள்ளும். அந்தக் காற்று சரியாக இருக்கிறதா என்று பார்ப்பதுதான் அவள் பிழைப்பு. ஜீப்பின் முன்மூடி திறந்திருப்பதையும் அதற்குள் மாமாவின் தலை கிடப்பதையும் பார்த்து நின்றாள். ஓடும்போது எப்படி, நிற்கும்போது எப்படி, எந்த நாளிலிருந்து இப்படி என்று விசாரித்தாள். பெல்ட்டில் சுற்றிய பழைய காற்றாடி உடைந்து, பட்டறையில் பேட்டரிக் காற்றாடி மாட்டியதிலிருந்துதான் என்றான் நாகப்பன். உடனே, காற்றாடியில் குறையில்லை, சாவியைத் திருப்பினால் பம்பரமாகச் சுற்றும், பார்த்தவர்கள் எல்லாரும் நல்ல காற்றாடி என்றுதான் சொன்னார்கள் என்றும் சேர்த்துக்கொண்டான்.

அவள் ரோட்டோரச் செடியில் ஒரு இலையைக் கிள்ளினாள்.

"சாவியத் திருப்புங்க மாமா. இஞ்சின் வேணாம், காத்தாடி மட்டும் ஓடட்டும்."

காற்றாடி சுழன்றது. விக்னேஸ்வரி ஜீப்பின் முகப்புக் கம்பிவலையில் இலையை வைத்துக் கையை எடுத்தாள். இலை பறந்து வந்து அவள் சட்டையில் ஒட்டியது. மறுபடி வைத்தாள். மறுபடி பறந்தது.

"பறக்குதுல்ல? காத்து நல்லாத்தானே வருது லா," என்றான் நாகப்பன்.

"வருது. ஆனா வரக்கூடாது மாமா, உள்ள போவணும்."

நாகப்பன் இறங்கி வந்து உள்ளங்கையைக் கம்பிவலை முன்னால் நீட்டினான். காற்று கையில் மோதியது. வெளியே இருக்கிற குளிர்ந்த காற்றை ரேடியேட்டர் வழியாக உள்ளே இழுக்க வேண்டிய காற்றாடி, இஞ்சின் சூட்டையே அள்ளி ரேடியேட்டர்மேல் தள்ளிக்கொண்டிருந்தது. ரோட்டில் ஓடும்போது எதிர்க்காற்று அதை அமுக்கிவிடுகிறது. நின்றால் அதன் ராஜ்யம். பட்டறையில் சிவப்பு வயரையும் கறுப்பு வயரையும் மாற்றி முறுக்கிவிட்டிருந்தார்கள். அவ்வளவுதான் விஷயம்.

தொழிற்சாலையில் ஒருமுறை மோட்டார் ரிப்பேருக்குப் பிறகு காற்றாடி தலைகீழாகச் சுற்றி, ஒரு தொட்டிக் கொழுந்து புழுங்கிப் போனதாம். அதிலிருந்து வயர்காரர்கள் என்ன சொன்னாலும் அவள் இலை வைத்துப் பார்க்காமல் கையெழுத்துப் போடுவதில்லையாம்.

"ரெண்டு மாசமா இதையேதான் உத்துப் பாத்துக்கிட்டு இருந்தேன்," என்றான் நாகப்பன்.

"நீங்க காத்தாடியப் பாத்தீங்க. காத்தப் பாக்கல."

வேறு யாராவது சொல்லியிருந்தால் அவனுக்குக் கோபம் வந்திருக்கும். இப்போது, மேலே டேப் சுற்றி அழுக்கேறியிருந்த அந்த இரண்டு வயர்களை அவிழ்த்து மாற்றி முறுக்கும்போது, மூன்று பட்டறைக்குத் தெரியாதது ஒரு இலைக்குத் தெரிந்ததே என்றுதான் நினைத்தான். பிறகு, இலைக்கு இல்லை, வைத்த கைக்கு என்று திருத்திக்கொண்டான். இந்த முறை இலை கம்பிவலையில் பல்லி மாதிரி ஒட்டிக்கொண்டது.

வெள்ளிக்கிழமை காளிமுத்து நாற்காலி போட்டுக் கோயில் வாசலில் உட்கார்ந்தார். அரை மணி ஆனபோது ஒருதரம் முள் மயிரிழை ஏறியது. முள் அங்கேயே நின்றது. ஒரு மணி நேரம் ஆன பிறகும் தலைவர் எழவில்லை, இன்னும் கால் மணி ஓடட்டும் என்றார். அதுவும் ஓடியது. விக்னேஸ்வரி எட்டிக்கூடப் பார்க்கவில்லை; அவளுக்குத் தொழிற்சாலையில் வேலை.

ஞாயிற்றுக்கிழமை தேரில் ஜீப்பைப் பூட்டியதும், வழக்கம்போலப் பெரிய சாமந்தி மாலையைக் கம்பிவலையை மூடித் தொங்கவிட்டார்கள். நாகப்பன் அதை எடுத்துப் பம்பரில் கட்டினான். ஒரு கொழுந்து இலையை மட்டும் கம்பிவலை நடுவில் வைத்தான்.

"என்னா நாகப்பா, மாலைய எறக்கிட்டு எலைய வச்சிருக்க?" என்றார் காளிமுத்து.

"இருக்கட்டும் தலைவரே. எங்க விக்னேஸ் வச்ச காவல்."

ஐந்து மணி நேரமும் இஞ்சின் அணையவில்லை. தேர் தொழிற்சாலை வாசலுக்கு வந்தபோது, தட்டோடு நின்ற விக்னேஸ்வரி அம்மனைக் கும்பிடுவதற்கு முன்னால் ஜீப்பின் முகப்பைத்தான் பார்த்தாள். இலை வாடியிருந்தது, விழவில்லை.