மூன்று சான்றிதழிலும் ஒரே போரான்

அத்தான் சிரித்தபடி ஒரு காகிதத்தை நீட்டினால் எனக்கு மூக்கு வியர்த்துவிடும். அன்றைக்கு அவர் நீட்டியது மூன்று காகிதங்கள்.

"பூதக்கண்ணாடி, எல்லாம் பக்காவா இருக்கு. கையெழுத்தப் போடு, கெளம்பறேன்."

பூதக்கண்ணாடி என்பது அத்தான் எனக்கு வைத்த பட்டப்பெயர். அவர் அக்காவின் வீட்டுக்காரர். ஷட்டர் பட்டறை வைத்திருக்கிறார். முதல்முறையாக வெளிநாட்டிலிருந்து பன்னிரண்டு எஃகுச் சுருள்கள் இறக்கியிருந்தார். நான் சுங்க முகவர். வந்த சரக்கு என்ன, எந்த வரித் தலைப்பில் சேரும் என்று எழுதிக் கையெழுத்துப் போடுவது என் பிழைப்பு. பொய்யாக எழுதினால் உரிமம் போய்விடும்.

அவர் சரக்கு கலப்பு எஃகு என்றார். பத்து லட்சத்தில் எட்டுப் பங்கு போரான் இருந்தாலே போதும், அது கலப்பு எஃகாகிவிடும். கூடுதல் வரி கிடையாது. சாதா எஃகு என்றால் அந்த வரியில் பட்டறையே மூழ்கிவிடும். அதனால்தான் போரான் என்ற சொல்லைக் கேட்டாலே எங்கள் தொழிலில் எல்லோரும் நிமிர்ந்து உட்காருவார்கள்.

கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்த்தேன். சுருள்கள் மூன்று தனித்தனி உருக்கில், அதாவது உலையில் மூன்று தடவை தனித்தனியாக உருக்கி வார்த்ததில், வந்தவை. உருக்குக்கு ஒன்றாக மூன்று ஆலைச் சான்றிதழ்கள், மூன்று வேறு எண்கள். ஆனால் கார்பன், மாங்கனீசு, போரான் எல்லாம் கடைசிப் புள்ளி வரை ஒன்றே. போரான் மூன்றிலும் பதினொன்று. ஒரே கை சமைத்தாலும் நேற்றைய உப்பு இன்றைக்கு அப்படியே வராது. உலையில் மட்டும் வந்துவிடுமா?

"இத யாரு குடுத்தா அத்தான்?"

"ஆலைக்காரன்தான். உங்க அக்கா பிரிண்ட் எடுத்துக் குடுத்தா. ஏம்மா, எதுவும் கொறையா?"

கண் கொட்டாமல் பார்த்தார். நல்ல நடிகர் என்று நினைத்துக்கொண்டேன். அடுத்த இரண்டு நாளில் ஏழு முறை போன் செய்தார். மடியில் கனமில்லாதவர் ஏன் இப்படித் துடிக்க வேண்டும் என்று எனக்குள் கணக்குப் போட்டேன்.

முகத்துக்கு நேராகக் கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. நான் சொன்னால் அது குடும்பச் சண்டை, ஆய்வகம் சொன்னால் யாரும் என்னைக் குறை சொல்ல முடியாது. மூன்று உருக்கிலிருந்தும் மாதிரி எடுத்துச் சோதிக்கச் சொல்லி நானே சுங்கத்துக்கு மனு போட்டேன். சான்றிதழ்களை இணைத்து ஒவ்வொன்றிலும் என் முத்திரையைக் குத்தினேன். கிடங்கில் துளைப்பான் எஃகுச் சீவலைச் சுருட்டிச் சுருட்டித் துப்பியபோது, அத்தான் மாட்டிக்கொள்ளப் போகிறார் என்று ஒரு அற்ப மகிழ்ச்சிகூட இருந்தது.

எட்டாம் நாள் முடிவு வந்தது. போரான், பத்து லட்சத்தில் பதினொன்று, ஒன்பது, பதினான்கு. அத்தனையும் அசல் கலப்பு எஃகு. மனுஷன் ஒரு வார்த்தை பொய் சொல்லவில்லை. எனக்கு வெட்கமாக இருந்தது.

வெட்கப்பட்டு முடிப்பதற்குள் ஆய்வு அதிகாரி அழைத்தார்.

"சரக்குல பிரச்சினை இல்லீங்க. ஆனா சான்றிதழ் மூணுலயும் ஒரே நம்பர் இருக்கு. ரெண்டு ஆய்வோட ஒத்துப்போகல. யாரு தயார் பண்ணதுன்னு நாளைக்குள்ள எழுத்துல குடுங்க. உங்க முத்திரை இருக்கு, பாத்துக்குங்க."

நேராக அக்கா வீட்டுக்குப் போனேன். விஷயத்தைச் சொன்னதும் அக்கா கணினி மேசை இழுப்பறையிலிருந்து ஓர் உறையை எடுத்து வைத்தாள். அசல் சான்றிதழ்கள் இரண்டு. ஒன்பது, பதினான்கு.

"முந்தாநேத்துதான் வந்துச்சு. அன்னிக்கு ஒண்ணுதான் கையில இருந்துச்சு. அதப் பாத்து மத்த ரெண்டயும் நானே அடிச்சேன். ஒரே ஆலை, ஒரே கப்பல், எல்லாம் ஒண்ணாத்தான இருக்கும்னு நெனச்சேன். அவருக்குத் தெரியாது."

"எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லியிருக்கலாமேக்கா. நாலு நாள் பொறுத்திருப்பேனே."

"நீயா? ஒரு தாள் கொறஞ்சாலும் மொகத்துல வீசுவே. அவரத் திருடனப் பாக்குற மாதிரி பாப்பே. அதுக்குப் பயந்துதான்டி செஞ்சேன்."

சந்தேகப்பட்டது சரி, ஆளைத்தான் தப்பாகப் பிடித்திருந்தேன். அக்காவைப் போலிக் காகிதம் வரை விரட்டியதும் நான்தான்.

அங்கேயே, அக்காவின் மேசையில் உட்கார்ந்து விளக்கம் எழுதினேன். அவள் என் தோளுக்குப் பின்னால் நின்றாள்.

"எம் பேரையே எழுது. முழுப் பேரா எழுது. உன் லைசென்ஸாவது பொழைக்கட்டும்."

எழுதினேன். முதல் சான்றிதழ் உண்மை. மற்ற இரண்டும் என் உடன்பிறந்தவர் தட்டச்சு செய்தவை. அசல்கள் இத்துடன் இணைப்பு. அதன் கீழே இன்னொரு வரி சேர்த்தேன். எண்கள் ஒன்றாக இருப்பதை முதல் நாளே கவனித்தேன், தெரிந்தும் முத்திரை குத்தினேன்.

அக்கா என் கையைப் பிடித்தாள். "அத யாருடி கேட்டா? ஒனக்கு ஒண்ணும் தெரியாதுன்னு விட்டுடலாம்ல."

"மத்தவங்க கொறையாக் குடுத்தா நான் வாங்குவேனாக்கா?"

அவள் கையை எடுத்துக்கொண்டாள். பையிலிருந்து முத்திரையை எடுத்து மையில் ஒற்றி, அந்த வரிக்குக் கீழே குத்தினேன்.