தாய்மாமன் – எண்ணிக்கை ஒன்று

எங்கள் ஊரில் உறவுக்காரர்களை டெண்டர் விட்டுத்தான் எடுக்க வேண்டும். வளைகாப்புக்கு நாத்தனார் குறைந்தாலும் சரி, கல்யாணத்துக்குப் பெரியப்பா குறைந்தாலும் சரி, கொள்முதல் தளத்தில் பதிந்துவிட்டு ஏழு நாள் காத்திருக்க வேண்டும். விலை என்ற கட்டத்தில் ரூபாய் எழுதக் கூடாது. பதிலுக்கு என்ன வேண்டும் என்று எழுத வேண்டும். யார் குறைவாகக் கேட்கிறாரோ அவருக்கு ஆர்டர். பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் இரண்டு கம்ப்யூட்டர் சென்டர்கள் இந்த வேலையை வைத்தே ஓடுகின்றன.

என் பெயர் பூபாலன். முசிறியில் இருந்துகொண்டு பள்ளிக்கூடங்களுக்கு ஸ்டூலும் பெஞ்சும் சப்ளை செய்கிறேன். இருபது வருடத்தில் என் ஸ்டூல் ஒன்றுகூட ஆடியதாகப் புகார் இல்லை. உடன்பிறந்தவர்கள் இல்லை. கல்யாணமும் தள்ளித் தள்ளிப் போய், கடைசியில் அதுவே என்னைத் தள்ளிவிட்டுப் போய்விட்டது. என்னை யாராவது திட்டி ஒன்பது வருடம் ஆகிறது.

ஒரு திங்கட்கிழமை ஸ்டூல் டெண்டர் தேடும்போது அதைப் பார்த்தேன். "தாய்மாமன் – எண்ணிக்கை ஒன்று. காதுகுத்துக்கு. மடி சமமாக இருக்க வேண்டும். ஊசி ஏறும்போது முகத்தைத் திருப்பக் கூடாது. குழந்தை கடித்தால் கையை இழுக்கக் கூடாது." போட்டிருந்தவர் சுகுணா, துறையூர் ரோட்டில் ஜெராக்ஸ் கடை. கீழே சிவப்பு எழுத்தில் 'மூன்றாவது அழைப்பு' என்றிருந்தது.

மூன்றாவது அழைப்பு என்றால் இங்கே எல்லோருக்கும் தெரியும். ஒருவர் மட்டும் கேட்டால் டெண்டர் ரத்தாகும். மூன்று முறை ரத்தானால் தளம் அந்தத் தேவையையே நீக்கிவிடும். எதிர் வீட்டு வக்கீல் தனக்கு ஒரு சிநேகிதன் வேண்டும் என்று மூன்று முறை போட்டுப் பார்த்தார். இப்போது சிநேகிதன் என்றால் என்னவென்றே அவருக்குத் தெரியாது. நன்றாகத் தூங்குகிறார். அவரைப் பார்த்த இரவு எனக்குத்தான் தூக்கம் வராது.

முதல் இரண்டு முறையும் நேசம் ஏஜென்சி மட்டும் கேட்டு ரத்தாகியிருந்தது. நாமக்கல்லில் நாற்பது மாமன்களை ஸ்டாக் வைத்திருக்கிற பெரிய கம்பெனி. நான் என் பெயரைப் பதிந்தேன். அதோடு ரத்தாகிற ஆபத்து நீங்கியது.

மாதிரியைப் பரிசோதிக்க சுகுணா என் வீட்டுக்கே வந்தார். முப்பத்தைந்து வயதிருக்கும். இடுப்பில் குழந்தை, கையில் கொத்தனார் வைத்திருக்கிற ரசமட்டம். என்னை நாற்காலியில் உட்காரச் சொல்லி ரசமட்டத்தை என் மடியில் வைத்தார். குமிழ் நடுவில் நின்றது.

"மூச்சு விடுங்க சார்" என்றார்.

விட்டேன். குமிழ் அசையவில்லை. ஸ்டூல் தொழில் செய்கிறவனுக்கு இதுகூட வராவிட்டால் எப்படி? குழந்தையின் பெயர் தன்விகா, மூன்று வயது. ரசமட்டத்தை எடுத்து வாயில் வைத்துப் பார்த்துவிட்டுத் திருப்பித் தந்தது.

"ஏஜென்சி மாமன் பந்தி முடிஞ்சதும் வேன்ல ஏறிப் போயிடுவாராம் சார்" என்றார் சுகுணா. "அடுத்த விசேஷத்துக்கு வேற ஆள் வருவாராம். நாளைக்கு இவ 'எம் மாமா எங்கம்மா'ன்னு கேட்டா, நான் எந்த மாமனைக் காட்டுறது?"

"நான் எங்கயும் போக மாட்டேன்" என்றேன்.

"அதெல்லாம் நான் பார்க்கக் கூடாது சார். யாரு கம்மியா கேக்குறாங்களோ அவங்கதான்."

போகும்போது என் வலது முழங்காலில் 'அங்கீகரிக்கப்பட்ட மாதிரி' என்று ஸ்டிக்கர் ஒட்டிவிட்டுப் போனார். ஆர்டர் முடிவாகும்வரை மடியை வேறு எதற்கும் பயன்படுத்தக் கூடாது. காலையில் வந்து மடியில் படுக்கிற பக்கத்து வீட்டுப் பூனைக்கு ஒரு ஸ்டூல் போட்டேன். அது இரண்டு நாள் முகம் கொடுக்கவில்லை.

புதன்கிழமை பதினொரு மணிக்கு ஏலம். இந்த ஏலம் கீழ்நோக்கித்தான் போகும். பன்னிரண்டு அடிக்கும்போது யார் குறைவாகக் கேட்டிருக்கிறாரோ அவர்தான் ஜெயித்தவர். நான் முதலில் தீபாவளிக்கு ஒரு வேட்டி சட்டையும், வருடத்தில் ஒரு நாள் கறிச்சோறும் கேட்டேன். ஏஜென்சி கறிச்சோறு மட்டும் போதும் என்றது. நான் ஒரு காபிக்கு இறங்கினேன். அவர்கள் அரை காபிக்கு வந்தார்கள். கழுதை தேய்ந்து கட்டெறும்பு ஆன கதையாக நான் ஒரு டம்ளர் தண்ணீர் கேட்க, அவர்கள் வாசலில் நின்று 'வாங்க' என்று ஒரு சொல் சொன்னால் போதும் என்றார்கள்.

பன்னிரண்டுக்கு ஆறு நிமிடம் இருந்தது. ஒரு அண்ணனாக இருக்க வேண்டும் என்ற ஆசை எனக்கு இவ்வளவு இருக்கும் என்று அதுவரை நினைத்ததில்லை. 'எதுவும் வேண்டாம்' என்று அடித்தேன்.

திரையில் பதில் வந்தது: "பூஜ்ஜியம் செல்லாது. எதுவுமே வேண்டாம் என்பவர் உறவினர் ஆகார். விதி பதினான்கு."

விதி நியாயமானதுதான். 'வாங்க' என்பதைவிடக் குறைவாக ஒருவரிடம் என்ன கேட்க முடியும் என்று யோசித்தேன். தலையசைப்பா? அது சொல்லுக்குச் சமம் என்று கம்ப்யூட்டர் சென்டர் பையன்கள் முன்பே சொல்லியிருக்கிறார்கள். இன்னும் இரண்டு நிமிடம். எனக்கு உண்மையில் என்ன வேண்டுமோ அதையே அடித்தேன்: "தாமதமாக வந்தால் திட்ட வேண்டும்."

தளம் கொஞ்ச நேரம் சுற்றியது. நான் நேரத்துக்கு வந்துவிட்டால் அவர் எதுவும் தர வேண்டியதில்லை. எனவே இது 'வாங்க' என்பதைவிடக் குறைவு என்று முடிவு செய்து என் பெயரைப் பச்சையாக்கியது. பன்னிரண்டு அடித்தது.

ஐந்து நிமிடத்தில் நேசம் ஏஜென்சி முதலாளி போன் செய்தார். நல்ல மனிதர், குரலில் வருத்தம் மட்டும்தான் இருந்தது.

"எங்ககிட்ட நாப்பது மாமன் இருக்காங்க சார். மீசை வச்சவங்க, வைக்காதவங்க, எல்லாம் இருக்கு. ஆனா ஒருத்தனுக்கும் திட்டு வாங்கத் தெரியாது. உங்களுக்கு எங்க பழக்கம்?"

"வீட்டில்தான்" என்றேன். முழங்கால் ஸ்டிக்கரைப் பிய்த்தபோது நான்கு முடிகள் அதோடு வந்தன.

ஞாயிற்றுக்கிழமை கோயில் மண்டபத்தில் காதுகுத்து. நல்ல நேரம் எட்டரையிலிருந்து ஒன்பதரை வரை. நான் எட்டு மணிக்கே சீர்த்தட்டோடு போய்விட்டேன். போய், மண்டபத்துக்கு எதிரே இருந்த டீக்கடையில் உட்கார்ந்தேன். தட்டில் வாழைப்பழம், வெற்றிலை, குழந்தைக்கு ஆரஞ்சு நிறத்தில் ஒரு கவுன். ஒன்பது அடித்தது. டீக்கடைக்காரர், "மாமன் சப்ளையா? எதுக்கு இங்க உக்காந்திருக்கீங்க?" என்றார். "இன்னும் கொஞ்சம் ஆகட்டும்" என்றேன். அவர் இன்னொரு டீ போட்டார்.

ஒன்பதே காலுக்கு உள்ளே போனேன். சுகுணா வாசலிலேயே நின்றிருந்தார்.

"ஏண்ணே, மணி என்ன ஆவுது? புள்ளைக்குத் தலை நனைச்சு உக்கார வச்சு அரை மணி நேரமாச்சு. ஆசாரி கிளம்புறேங்கிறாரு. நீ பாட்டுக்கு ஆடி அசைஞ்சு வர்ற! ஒரு போன் பண்ணக் கூடாது? இப்படி ஒரு பொறுப்பில்லாத ஆளை நான் பார்த்ததே இல்ல. வா, வந்து உக்காரு!"

"சார்" போய் "நீ" வந்திருந்தது. தலையைக் குனிந்துகொண்டு போய் மணையில் உட்கார்ந்தேன். தன்விகாவை மடியில் வைத்தார்கள். ஆசாரி ஊசியை எடுத்தார். நான் முகத்தைத் திருப்பவில்லை. அவள் என் கட்டைவிரலைக் கடித்தாள், நான் இழுக்கவில்லை. இரண்டாவது காதுக்கு அவள் அழுத அழுகையில் மண்டபமே திரும்பிப் பார்த்தது. மடி மட்டும் ஆடவில்லை. அழுது முடித்து, ஈரக் கன்னத்தை என் சட்டையில் துடைத்துக்கொண்டு, அங்கேயே தூங்கிப்போனாள்.

பந்தியில் சுகுணா என் பக்கத்தில் உட்கார்ந்தாள். சாம்பார் வரும்போது வாசலில் ஷேர் ஆட்டோ நின்றது. அறுபத்தைந்து வயது அம்மாள் ஒருவர் மஞ்சள் பையோடு இறங்கினார். டிரைவர் டெலிவரி சீட்டில் கையெழுத்துக் கேட்டார். 'அண்ணன், தங்கை – ஒரு ஜோடி. இத்துடன் அம்மா – ஒன்று' என்று அதில் இருந்தது. நாங்கள் கேட்காமலே தளம் அனுப்பியிருந்தது. சுகுணாவும் நானும் ஆளுக்கொரு கையெழுத்துப் போட்டோம்.

என்னைப் பெற்றவளை ஒன்பது வருடத்துக்கு முன் காவிரிக்கரையில் எரித்துவிட்டு வந்தேன். சுகுணாவைப் பெற்றவர் அவளுக்கு நாலு வயதிலேயே போய்விட்டாராம். இந்த அம்மாளை நாங்கள் இருவரும் பார்த்ததே இல்லை. எங்கள் இருவருக்கும் நடுவில் இலை போடச் சொல்லி உட்கார்ந்தார். என் முகத்தையும் அவள் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தார்.

"ரெண்டும் ஒண்ணுபோல இளைச்சுப் போய்க் கெடக்கு" என்றார். பிறகு என் இலையிலிருந்த அப்பளத்தில் பாதியை உடைத்து சுகுணாவின் இலையில் வைத்தார்.

"அவனுக்கு மட்டும் ரெண்டு வடை வச்சிருக்காங்கம்மா" என்றாள் சுகுணா.